மூணாறு அணைக்கட்டு ஏரிகளின் கரையோரமாக நான்கு நாள் மலைச் சைக்கிள் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

கொடைக்கானலை முதலில் உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மதுரை நண்பர்கள் மூவர். கியர் சைக்கிள் இருக்கிறது. சமவெளியில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம். போடியிலிருந்து மேலே ஏறி ஆனையிறங்கல், மாட்டுப்பெட்டி, குண்டளை என்று ஏரி ஏரியாகப் போய், கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, டாப் ஸ்டேஷன் வழியாகக் கொடைக்கானலில் முடிக்க வேண்டும். நான்கு நாள் போதுமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம், சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாமா என்பவை கேள்விகள்.

நான் போடிக்காரன். இந்த மலையில் சைக்கிள் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன். டாப் ஸ்டேஷனிலிருந்து வந்தரவு, பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பழைய சாலை வரைபடத்தில் இன்னும் கோடாகத் தெரியும். அதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது காட்டுக்குள் போகிறது. பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேரிஜத்துக்குக் கொடைக்கானல் பக்கமிருந்து வனத்துறை அனுமதியோடு போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையையும் இதே கணக்கில் சேருங்கள். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் அதில் கால் வைப்பது குற்றம். சைக்கிளோடு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆக, போடியில் ஏறி போடியிலேயே இறங்குவதுதான் உங்கள் பயணம். அதில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. இந்த மலையில் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் மூன்றாம் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். எத்தனை மீட்டர் ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் அறைக்குள் இருக்க வேண்டும், இந்த இரண்டையும் வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். முந்தலில் தொடங்கும் மலைச்சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு வரை ஏறுகிறது. ஏற்றம் மட்டும் ஆயிரம் மீட்டரை ஒட்டி வரும். மூட்டையோடு மணிக்கு ஏழு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். அப்படி ஏறி முடித்தவுடன் சாலை என்ன செய்கிறது தெரியுமா? தோண்டிமலை வழியாகப் பூப்பாறைக்கு இறங்குகிறது. இத்தனை பாடுபட்டுச் சேர்த்த உயரத்தில் ஒரு பகுதியைக் கால்மணி நேரத்தில் செலவழித்துவிட்டு, ஆனையிறங்கலுக்கு மறுபடியும் ஏற வேண்டும். அதனால் முதல் நாளைப் பூப்பாறையிலோ, தெம்பிருந்தால் சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கமோ முடித்துக்கொள்ளுங்கள். மூணாறு வரை அன்றே போய்விடலாம் என்று யாராவது சொன்னால் அவர் காரில் போனவராக இருப்பார். போடிமெட்டிலிருந்து மூணாறு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

முதல் நாள் புறப்படும் நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக மேலே போகும். வேலை தொடங்கும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமென்ற அவசரம் டிரைவர்களுக்கு. வளைவில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் சைக்கிளை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. போடியில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு, அந்தக் கூட்டம் ஏறி முடித்த பிறகு ஏழரை மணி வாக்கில் முந்தலைத் தாண்டுங்கள். வெயில் கொஞ்சம் உறைக்கும், பரவாயில்லை. மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும். கடைசி நாள் நீங்கள் இறங்கும்போது இதை நினைவில் வைத்து, மதியத்துக்குள் கீழே வந்துவிடுங்கள்.

இப்போது ஏரிகள். ஏரிக்கரைச் சாலை என்றால் மனத்தில் சமதளம் தோன்றும். இயற்கை ஏரிக்கு அது ஓரளவு சரி. இங்கிருப்பவை எல்லாம் பள்ளத்தாக்கை அணையால் அடைத்து நிரப்பிய நீர்த்தேக்கங்கள். தண்ணீர் பக்கத்து ஓடைகளின் பள்ளங்களுக்குள்ளும் புகுந்து, விரித்த கைவிரல்கள் போலக் கிடக்கிறது. கரையை ஒட்டிய சாலை ஒவ்வொரு விரலையும் சுற்றி வர வேண்டும்: ஓடைப் பாலத்துக்கு இறங்கும், அடுத்த மேட்டுக்கு ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொன்றும் சின்ன ஏற்றம்தான். நாள் முழுதும் சேர்ந்தால் தொடை சொல்லும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர். இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் சுமார் 400 மீட்டர்தான். உங்கள் செல்போன் செயலி மொத்த ஏற்றமாகக் காட்டப்போவது அதைவிட நிறையவே இருக்கும். வழியை வரைந்து பார்க்கும்போது இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக மலை ஏறுபவர்களுக்கு மூட்டையோடு ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டர் மொத்த ஏற்றம் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் அடுத்த நாள் கெடும்.

இரண்டாம் நாள் ஆனையிறங்கலிலிருந்து பெரியகானல், கேப் ரோடு, தேவிகுளம் வழியாக மூணாறு. தூரம் குறைவு, ஏற்றம் கணிசம். ஆனையிறங்கல் அணையை ஒட்டிப் போவது தேசிய நெடுஞ்சாலை 85. அகலப்படுத்திய பிறகு வண்டிகள் பறக்கின்றன. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்கான சாலை இல்லை இது. நிறுத்திவிட்டுப் பாருங்கள். கேப் ரோட்டில் மழைக்காலங்களில் பாறை சரிந்து சாலை மூடப்பட்டது பல முறை. மழை நாளில் அங்கே பாறைச் சுவருக்கு அடியில் ஒதுங்கி நிற்காதீர்கள், ஓட்டிக்கொண்டே போய்விடுங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாம் நாள்தான். மூணாறு, மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன். இந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பது நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. 1902-இல் தேயிலையை இழுக்க ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், இழுத்தது மாடு. 1908-இல் அதைக் குறுகிய ரயில்பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கி, பிறகு எங்கள் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி யாரும் போடவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அந்த இடம் இன்றும் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது, வாகனத்தில் போய்ச்சேரக் கேரளா வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு அணைகளும் ரயில் போன பிறகு வந்தவை: குண்டளை 1946, மாட்டுப்பெட்டி 1953.

மாட்டுப்பெட்டி அணைப் பக்கம் பத்து மணிக்குப் பிறகு சுற்றுலா வண்டிகளும் சோளக் கடைகளும் நெரிக்கும். ஏழு மணிக்கு மூணாற்றை விட்டால் அந்தக் கூட்டத்துக்கு முன்பே குண்டளையைப் பிடித்துவிடலாம். குண்டளைக்குப் பிறகு சாலை குறுகிவிடும், வண்டிகளும் குறையும். தேயிலைத் தோட்டங்களுக்குள் கல் பாவிய பாதைகள் பிரிந்து போவதைப் பார்ப்பீர்கள். மலைச் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். அவை எஸ்டேட்டின் தனிச்சாலைகள். கேட்டில் இருக்கும் அண்ணனிடம் கேளுங்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். விடமாட்டேன் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள், அவர் வேலை அது.

டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடை போக ஆசை இருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பூண்டும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள், தமிழ் பேசும் கிராமங்கள், வீட்டுச் சாப்பாட்டோடு தங்க இடம், எல்லாம் உண்டு. நடுவில் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா வருகிறது. பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் காட்டெருமையும் யானையும் நடமாடும் இடம். சோதனைச்சாவடியில் அன்றைக்குச் சைக்கிளை விடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பகலிலேயே நிற்காமல் கடந்துவிட வேண்டும். நான்கு நாளில் இதையும் திணிக்காதீர்கள். ஐந்து நாள் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் டாப் ஸ்டேஷனிலிருந்தே திரும்பி மூணாற்றில் தூங்கி, மறுநாள் விடிந்ததும் போடிக்குப் புறப்படுங்கள். இறக்கம் அதிகம் என்றாலும் கடைசி நாளிலும் கேப் ரோட்டுக்கும், பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கும் இரண்டு ஏற்றங்கள் உண்டு.

கூடாரம் வேண்டவே வேண்டாம். கரை நிலம் மின்வாரியத்துடையதோ, வனத்துறையுடையதோ, எஸ்டேட்டுடையதோ ஆக இருக்கும். எதிலும் உங்களுக்கு உரிமை இல்லை. அதைவிடப் பெரிய காரணம், தண்ணீர் குடிக்க இரவில் அங்கே வருபவர்கள். சின்னக்கானல் பக்கத்து அரிக்கொம்பன் யானையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரலில் அவனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அவன் கம்பத்துக்கு இறங்கி வந்து நம் ஊர்களையும் கலக்கினான். ஜூனில் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பப்பட்டான். அவன் போய்விட்டான் என்பதால் ஆனையிறங்கல் காலியாகிவிடவில்லை. மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன.

சைக்கிளுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. ஓசை இல்லாமல் வருகிறோம். மோட்டார் வண்டி வருவதை யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும் அல்லது நிலைப்படும். சைக்கிளோ வளைவு திரும்பியதும் முன்னால் நிற்கும். மூடுபனியில் இது இன்னும் மோசம். எனவே காலை ஆறரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் சாலையில் இருக்காதபடி நாளைத் திட்டமிடுங்கள். பார்வை மறையும் வளைவுகளில் பேசிக்கொண்டோ மணி அடித்துக்கொண்டோ போங்கள். எதிரே வரும் ஜீப்பை நிறுத்திக் கேளுங்கள். “மேலே நிற்கிறது, கொஞ்சம் பொறுத்துப் போங்கள்” என்று சொன்னால் பொறுத்துத்தான் போக வேண்டும். ஏற்றத்தில் மிதித்துத் தப்பிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். டீக்கடைக்காரர்களுக்கு அன்றைய நிலவரம் எந்தச் செயலியையும்விட நன்றாகத் தெரியும். ஒரு டீ குடித்துவிட்டுக் கேட்டால் போதும்.

காலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை நம் பக்கத்துச் சரிவை நனைத்து, போடிமெட்டுச் சாலையில் மண் சரிய வைக்கும். மார்ச் தொடங்கினால் காய்ந்த காடு, தீப் பயம். ஏப்ரலில் அணைகளில் தண்ணீர் கீழே போய்ச் செம்மண் கரைதான் தெரியும். மிஞ்சுவது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அதிலும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் பொங்கல் விடுமுறையும் அறை கிடைக்காது, சாலை நகராது. பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி கடைசியில் வாரநாட்களாகப் பார்த்துப் போங்கள். அதிகாலையில் புல்லின் மேல் உறைபனி படியும் காலம் அது. ஏறும்போது நனைந்த பனியனோடு இறங்கினால் குளிர் எலும்பில் ஏறும். காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று கட்டாயம். அது இல்லாத அவசரத்துக்கு டீக்கடையில் பழைய செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் விரித்துக்கொள்ளலாம். உண்மையாகவே வேலை செய்யும்.

சைக்கிளைப் பொறுத்தவரை மூன்று விஷயம் பார்த்தால் போதும். முதலாவது, பின்சக்கரத்தின் மிகப்பெரிய பல்சக்கரம் பெடல் பக்கத்து மிகச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அது இல்லாமல் மூட்டையோடு பதினேழு வளைவு ஏறுவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம். இரண்டாவது, பிரேக். புறப்படுவதற்கு முன் புதுக் கட்டைகள் போட்டு, மாற்று ஜோடியும் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கம் முழுதும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு போகும். வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். நடுவில் ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். மூன்றாவது, பின்கியரைத் தாங்கும் சின்ன அலுமினியக் கொக்கி. சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் வளைவது அதுதான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் மலையில் கிடைக்கவே கிடைக்காது. பஞ்சர் ஒட்ட ஆள் கிடைப்பார், அந்தக் கொக்கிக்கு யாரும் கிடைக்கமாட்டார்.

மூட்டையை முதுகில் சுமக்காமல் சைக்கிளில் கட்டுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். புட்டும் பரோட்டாவும் வழியெல்லாம் கிடைக்கும்.

வாடகை சைக்கிள் மூணாற்றில் ஓரிரு மணி நேரம் சுற்றச் சரி, பல நாள் பயணத்துக்கு நம்ப வேண்டாம். உங்களுடையதையே கொண்டு வாருங்கள். மதுரையிலிருந்து மூவருக்கும் சேர்த்து ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொண்டால் சைக்கிளைப் பிரிக்காமல் போடி வரை வந்துவிடும். அகல ரயில்பாதை 2023 ஜூனில் போடி வரை வந்துவிட்டது. ரயிலில் கொண்டுவர நினைத்தால், நீங்கள் வரும் வண்டியில் பார்சல் பெட்டி இருக்கிறதா, சைக்கிளை எத்தனை மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள். பெடலைக் கழற்றிவிடுங்கள், பின்கியர்ப் பக்கம் அட்டை வைத்துக் கட்டுங்கள்.