சாப்பாட்டுக்குப் பின் அடங்காத வகுப்பு

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 42 பிள்ளைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் சத்தம் அடங்கவே கால் மணி நேரம் ஆகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கத்துவதை நிறுத்துங்கள், டீச்சர். உங்கள் குரல் ஏறினால் அவர்கள் குரல் அதற்கும் மேலே ஏறும். தெருவில் கன்டெய்னர் லாரி ஹாரன் வேறு. மணி அடிக்கும் முன்பே போர்டில் 3 கணக்கு எழுதி வையுங்கள். நேற்று நடத்தியதாக இருக்கட்டும். முதல் கணக்கு எல்லோருக்கும் வர வேண்டும். அதுவே கடினமானால் பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டுப் பேச்சில் இறங்கிவிடுவார்கள். வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களிடம் "நோட்டை எடு, முதல் கணக்கைப் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். 5 நிமிடம் கொடுங்கள். அதற்குள் கடைசி பெஞ்சுக்குப் போய் நாலைந்து நோட்டில் டிக் போடுங்கள். பேசுகிற பையனைப் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். பக்கத்தில் நின்று அவன் நோட்டில் விரல் வைத்தாலே போதும்.

கேள்வி கேட்டுவிட்டு, 3 விநாடி கழித்துப் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 41 பேரும் கழன்றுகொள்வார்கள்.

முதல் வாரம் தடுமாறும். ஒரு நாள்கூட விடாதீர்கள். விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.