பூச்சி சேகரிக்க அனுமதி வேண்டுமா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பூச்சிகளைப் பிடித்துக் குண்டூசி குத்திப் பெட்டியில் சேர்ப்பது அவனுக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம். சென்ற மாதம் தனுஷ்கோடியில் வலையோடு நின்றவனை வனக்காவலர் ஒருவர் தடுத்து, அனுமதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பொழுதுபோக்குக்கும் அனுமதி தேவையா? யாரிடம் பெறுவது?
– வாசகர், மண்டபம்

பதில்: காவலர் கேட்டது நியாயமான கேள்விதான் ஐயா. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிரோடு பிடிப்பதும், பொறி வைப்பதும், அதற்கு முயல்வதும்கூட 'வேட்டை' என்றே கொள்ளப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள உயிரினங்களுக்கு இந்தத் தடை பொருந்தும். பட்டாம்பூச்சிகள் பலவும் அவற்றில் உள்ளன. விதிவிலக்கு தருவது 12-ஆம் பிரிவு. கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, அருங்காட்சியகச் சேகரிப்பு போன்ற நோக்கங்களுக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதி தரலாம். ஆனால் முதல் அட்டவணை உயிரினம் என்றால் மத்திய அரசின் முன் இசைவும், மற்றவற்றுக்கு மாநில அரசின் முன் இசைவும் வேண்டும். பொழுதுபோக்கு அந்த நோக்கங்களில் இல்லை. ஆகவே தங்கள் மகன் விண்ணப்பித்துப் பெறக்கூடிய அனுமதிச் சீட்டு என்று ஒன்று கிடையாது.

பூச்சி எது என்பதோடு, பிடிக்கும் இடம் எது என்பதும் முக்கியம். தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் அட்டவணையில் இல்லாத சாதாரண வண்டைக்கூட அனுமதியின்றி எடுக்கலாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கல் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்கள். அறிஞர் என்பதற்காகவும் சட்டம் தளர்வதில்லை: 2008-இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்த செக் நாட்டவர் இருவர் கைதாகித் தண்டிக்கப்பட்டனர்.

செத்துக் கிடந்ததைத்தான் எடுத்தேன் என்பதும் செல்லாது. அட்டவணை உயிரினம் இறந்து கிடந்தாலும் அது அரசின் உடைமை என்கிறது 39-ஆம் பிரிவு. ஆடுதின்னாப்பாளைக் குடும்பக் கொடிகளில் வளர்ந்து, கூட்டமாக இடம்பெயரும் சிவப்புடல் அழகிப் பட்டாம்பூச்சி பழைய முதல் அட்டவணையில் இருந்த இனம். அதன் சிறகு உதிர்ந்து கிடந்தாலும் மகன் படம் எடுத்துக்கொண்டு நகர்வதே நல்லது என்பேன். பெட்டியில் ஏற்கெனவே உள்ளவற்றையும் இப்போதைய அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயமிருந்தால் ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

இவ்வளவு சொன்னதால் பிள்ளையின் ஆர்வத்தை முடக்கிவிடாதீர்கள். அந்த வயதில் பூச்சியை உற்றுப் பார்க்கும் கண் எளிதில் வாய்ப்பதில்லை. மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் தென்னந்தோப்புகள் இருக்கின்றன. உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் அவன் எடுக்கலாம். மரத்தைக் கெடுப்பவை என்பதால் தோப்புக்காரரும் மகிழ்வார். இரவில் வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் தாமாக வந்து அமரும். பிடிக்காமலே படம் எடுத்துப் பெயர் கண்டுபிடிக்கலாம். பெட்டியில் சேரும் ஒவ்வொன்றுக்கும் கீழே ஊர், நாள், எந்தச் செடியில் கிடைத்தது, எடுத்தவர் யார் என்று சிறு சீட்டில் எழுதிக் குத்தச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு இல்லாத பூச்சியால் ஆய்வாளருக்குப் பயன் மிகக் குறைவு.