ஆன்டெனா ட்யூனர்: காயிலுக்கு எதற்குக் காசு?

ஹாம் ரேடியோக்காரர்கள் செட்டையும் ஆன்டெனாவையும் ஒன்றுக்கொன்று பொருத்த, காயிலும் (கம்பிச் சுருள்) கண்டென்சரும் சேர்த்துக் கட்டும் பெட்டிதான் ட்யூனர். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: "100 வாட் தாங்கும்" என்று சொல்லிக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கேங் கண்டென்சரை (குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் கண்டென்சர்) தந்தார்கள். ட்யூனரில் மாட்டிய அன்றே உள்ளே பொறி. கேட்டால், நான்தான் தப்பாக மாட்டிவிட்டேனாம். (வேலூர்)

தப்பு உங்களுடையது இல்லை. அது பாக்கெட் டிரான்சிஸ்டருக்கான சாமான், தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். 5 வாட் செட்டுக்குப் பரவாயில்லை. 2,000 ஓம் காட்டும் ஆன்டெனாவுக்கு 100 வாட் போனால் உச்ச மின்னழுத்தம் 600 வோல்ட்டைத் தாண்டும், தாள் பாவம் என்ன செய்யும்? பில் இருந்தால் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அடுத்த முறை பழைய வால்வு ரேடியோவின் காற்றிடைவெளி கேங்கைத் தேடுங்கள், மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். நான் பளபளப்பில் மயங்கி, அந்தி நேரத்தில் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் மீட்டரை வைத்துத் திருப்பினால் பாதியில் பீப் என்றது. தகடு வளைந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. இன்றும் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

கே: ஆன்லைனில் "சிவப்பு டி200-2 டோராய்டு" (காயில் சுற்றும் வளையம்) வாங்கினேன். 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) பேசினால் கொதிக்கிறது. சுரண்டினால் உள்ளே மஞ்சள். (திருப்பூர்)

மோசடிதான். மஞ்சள்-வெள்ளை வளையம் கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கானது, எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் உங்கள் வாட்டைத் தின்று சூடாகும். அதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். சுரண்டிய இடத்தைப் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, விற்றவர் ஊருக்கு அலையவும் வேண்டாம்.

ஆனால் ஒரு ஆதங்கம். முதல் ட்யூனருக்கு டோராய்டு எதற்கு? எல்லாரும் இதிலேயே பணத்தை விடுகிறீர்கள். மோட்டார் ரீவைண்டிங் கடையில் 16 கேஜ் எனாமல் கம்பி 100 கிராம் கேளுங்கள், நிறுத்துத் தருவார்கள். பிளம்பர் வெட்டிப்போட்ட 2 அங்குல பிவிசி குழாயில், 2 அங்குல நீளத்துக்கு 20 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 14 மைக்ரோஹென்றி. மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை எனாமலைச் சுரண்டி டேப் (இடைக் கிளை இணைப்பு) எடுத்து, சுழல் சுவிட்சிலோ முதலைக் கிளிப்பிலோ மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட் அடித்து ஏமாற்ற இதில் எதுவும் இல்லை!

கே: டி வகை (ஆங்கில T வடிவச் சுற்று) ட்யூனர் கட்டினேன். மெட்டல் குமிழைத் தொட்டால் சுடுகிறது. கண்டென்சர் மட்டமா? (சேலம்)

கண்டென்சரைத் திட்டாதீர்கள், சுற்றுப்படத்தைப் பாருங்கள். டி வகையில் இரண்டு கேங்குமே எர்த்தில் இல்லை. தண்டு, குமிழ், பெட்டி எல்லாவற்றுக்கும் இடையே காப்பு வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் எல் (L) வகை கட்டுங்கள், காயில் தொடராக, கேங்கின் சுழலும் பக்கம் நேராகப் பெட்டியில்.

கே: ட்யூனர் வாங்கிவிட்டேன். லைசென்ஸ் இல்லாமல் பேசலாமா?

கூடாது. முதலில் தேர்வு எழுதுங்கள்.

கே: செட்டிலிருந்து ஆன்டெனாவுக்கு 40 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிள். ட்யூனரில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு) ஒன்றுக்கு ஒன்று, அதாவது எதுவும் திரும்பவில்லை, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை. விலை கூடின ட்யூனர் வாங்கலாமா? (நாகர்கோவில்)

வேண்டவே வேண்டாம். செட்டுக்குப் பக்கத்தில் உள்ள ட்யூனர் செட்டைத்தான் சமாதானப்படுத்துகிறது. அதற்கப்பால் கேபிளில் அதிக எஸ்.டபிள்யூ.ஆர். அப்படியே இருக்கிறது, வாட்டெல்லாம் அங்கே சூடாகிறது. ஆன்டெனாக் கம்பியை அளந்தீர்களா? 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோலின் (நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி ஆன்டெனா) ஒவ்வொரு கையும் சுமார் 10 மீட்டர். மேலே ஏறி அந்தக் கம்பியைச் சரிசெய்ய, ஏணி வாங்க மட்டும் செலவு செய்யுங்கள்.