46-இல் ஒன்று கூடினால், ஒன்று குறைந்தால்: குரோமோசோம் கேள்வி பதில்

கேள்வி: மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்று படித்திருக்கிறேன். தாத்தாவின் பழைய பாடநூலில் 48 என்று இருக்கிறதே, ஐயா?

பதில்: 46 என்பதே சரி. அமெரிக்க உயிரியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் 1923-இல் வெளியிட்ட 48 என்ற கணக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அனைவரும் ஏற்றிருந்தனர். திசுவை மெல்லியதாகச் சீவிப் பார்த்த காலம் அது. குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. செல்லை நீர்த்த உப்புக் கரைசலில் உப்பவைத்து அவற்றைப் பிரித்துப் பரப்பும் முறை வந்த பிறகே, சுவீடனின் லுண்ட் நகரில் ஆய்வாளர்கள் ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று உறுதிசெய்து 1956-இல் வெளியிட்டனர். இன்றைய ஆய்வகமும் அதே வழியில்தான் செல்கிறது: இரத்தத்தின் வெள்ளணுக்களை ஏறக்குறைய மூன்று நாள் வளர்த்து, கோல்ச்சிசின் வகை மருந்தால் செல் பிரிதலை நடுவில் நிறுத்தி, உப்பவைத்து, சாயமேற்றி, வழக்கமாக 20 செல்களையாவது எண்ணிப் பார்க்கிறார்கள்.

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் 46 இருக்குமா?

பதில்: இல்லை. கருமுட்டையிலும் விந்தணுவிலும் 23. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. கல்லீரல் செல்கள் சிலவற்றில் 92. இவை யாவும் இயல்பானவையே.

கேள்வி: என் மகனுக்கு டவுன் நோய்க்குறி, அறிக்கையில் 47 என்று வந்துள்ளது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் செய்த தவறா?

பதில்: இல்லை அம்மா, உறுதியாக இல்லை. கூடுதலான 21-ஆம் குரோமோசோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே, சில வேளைகளில் விந்தணு உருவாகும்போதே வந்துவிடுகிறது. கரு தரித்ததை நீங்கள் அறியும் முன்பே அது நடந்து முடிந்திருக்கும். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவர் தம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அக்காலத்தில் குரோமோசோம்களைப் பிணைத்து வைக்கும் புரதங்கள் தளர்வதால், பிரிய வேண்டிய இணை பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகிறது. ஆகவேதான் தாயின் வயதோடு வாய்ப்பும் கூடுகிறது: 25 வயதில் சுமார் 1,250 பிறப்புகளில் ஒன்று, 40 வயதில் சுமார் 100-இல் ஒன்று. இதில் உணவுக்கோ, உழைப்புக்கோ, கிரகணத்துக்கோ பங்கில்லை. உங்கள்மேல் பழி சுமத்துவோரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

21-ஆம் குரோமோசோமில் மரபணுக்கள் குறைவு என்பதால் அதன் மிகுதியைக் கரு தாங்கிக்கொள்கிறது. 13, 18 ஆகியவை கூடினால் பாதிப்பு மிகக் கடுமை. மற்றவை பெரும்பாலும் கருச்சிதைவில் முடிகின்றன. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கக்கூடும். எக்கோ பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் இன்னும் செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வாழையில் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக இருந்தும் அது நன்றாக வளர்கிறதே?

பதில்: நாம் உண்ணும் வாழை வகைகள் பலவற்றில் 11 வீதம் மூன்று தொகுதிகள், ஆக 33 உள்ளன. முழுத் தொகுதியாகக் கூடும்போது மரபணுக்களின் விகிதம் கெடுவதில்லை. ஒன்று மட்டும் கூடும்போதுதான் கெடுகிறது. மூன்றும் இணைசேர முடியாததே விதை உருவாகாமைக்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: இருமுறை கருச்சிதைவு ஆனதால் பரிசோதித்தோம். நலமாக இருக்கும் என் மனைவிக்கு 45 குரோமோசோம்கள்தானாம். 14-உம் 21-உம் ஒட்டியிருக்கின்றன என்கிறார்கள். இது நோயா?

பதில்: நோயன்று. இரு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியதால் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஒட்டும்போது இழந்த குறுங்கைகளில் (குரோமோசோமின் குட்டையான பகுதிகளில்) இருந்த மரபணுக்களின் படிகள் வேறு குரோமோசோம்களிலும் இருப்பதால் குறை தெரிவதில்லை. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இத்தகைய ஒட்டு உண்டு. ஆயினும் கருமுட்டைக்குப் பங்கு பிரியும்போது கூடுதலோ குறைவோ நேரலாம். தாய்க்கு இந்த ஒட்டு இருந்தால் டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 10 முதல் 15 விழுக்காடு, தந்தைக்கு இருந்தால் அதைவிட மிகக் குறைவு. அடுத்த கருவுறுதலுக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். மனைவியின் உடன்பிறந்தோரும் இப்பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.