பெற்ற குழந்தையை வளர்க்க முடியாதபோது: சிங்கப்பூரில் என்ன வழி?

மகப்பேற்றுப் பிரிவில் தாதியாக வேலை பார்த்த பழக்கத்தில், கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஊரில் தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறதே, இங்கே அப்படி எங்காவது விட்டுவிட்டு வர முடியுமா?

முடியாதும்மா. வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டு வரலாம் என்று சேலத்தில் 1992-ல் தொடங்கிய அந்தத் திட்டம் மாதிரி சிங்கப்பூரில் எதுவும் இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கைவிட்டுப் போனால் 7 ஆண்டு வரை சிறை. கோவில் வாசல், மருத்துவமனை வாசல் என்றாலும் அது கைவிடுவதுதான். ஆனால் "என்னால் வளர்க்க முடியவில்லை" என்று நேரில் வந்து சொல்வது குற்றமே இல்லை. பிரசவத்துக்கு முன்னாலும் சொல்லலாம், பிரசவ வார்டில் படுத்துக்கொண்டும் சொல்லலாம். கேகே மருத்துவமனையோ வேறு அரசு மருத்துவமனையோ, மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும். 2020 ஜனவரியில் பிடோக் நார்த்தில் துப்புரவு ஊழியர்கள் குப்பைத்தொட்டியிலிருந்து ஒரு குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். அன்றிலிருந்து இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மகளுக்கு 17 வயது, எட்டாம் மாதம். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் தலைகுனிவு.

சொந்தக்காரர்களுக்கு யாரும் போன் போட்டுச் சொல்லப் போவதில்லை. பரிசோதனைக்குக் கூட்டிப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஆபத்து அதில்தான் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ் கர்ப்பமான பெண்களுக்கென்றே பேப்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. கூடவே வருவார்கள், திட்ட மாட்டார்கள். குழந்தையைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முதலில் மகளிடம் கேளுங்கள், அம்மா. பெற்றெடுக்கப் போவது அவள்.

தத்துக் கொடுத்த பிறகு மனசு மாறினால்?

எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிடாது. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் விசாரணை உண்டு, அப்புறம் குடும்ப நீதிமன்றம் ஆணை கொடுக்க வேண்டும். ஆணை வந்துவிட்டால் சட்டப்படி அது தத்தெடுத்தவர்கள் பிள்ளை, திரும்பக் கேட்க முடியாது. அதனால் முடிவெடுக்க நேரம் வேண்டும் என்றால் மருத்துவ சமூக ஊழியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நோய், சிறை போன்ற காரணத்தால் பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கும் அரசுத் திட்டம் 1956-லிருந்து நடக்கிறது. நிலைமை சரியானால் பிள்ளை வீடு திரும்பலாம். எந்த வழியானாலும் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். கல்யாணம் ஆகாத தாய் தனியாகவே பதியலாம், அப்பா பெயர் கட்டாயமில்லை.

தெரிந்த தம்பதி ஒருவர் பத்தாயிரம் வெள்ளி தருகிறேன் என்கிறார்கள்.

வாங்காதீர்கள். 2024 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தத்தெடுப்புச் சட்டம், அனுமதிக்கப்பட்ட செலவுகளைத் தவிர வேறு பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நான் பணிப்பெண். முதலாளிக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

தங்கச்சி, உண்மையைச் சொல்கிறேன்: வேலை அனுமதி ரத்தாகும், ஊருக்கு அனுப்புவார்கள். இங்கே பிறப்பதால் மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை வராது. ஆனால் ஊர் திரும்புவது ஒன்று, குளியலறையில் தனியாகப் பெற்று உயிரை விடுவது வேறு. ஹோம் என்ற அமைப்பு பணிப்பெண்களுக்குத் தங்குமிடம் நடத்துகிறது, அவர்களிடம் பேசு. வலி வந்துவிட்டால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழை.