இடுப்பு பெல்ட் போட்டால் முதுகு பிடிக்காதா?

கேள்வி: வயது 36. குடோனில் பெட்டி இறக்கி அடுக்கும் வேலை. போன மாதம் தரையில் இருந்த பெட்டியைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. இப்போது எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். தினமும் போட்டால் மறுபடி வராதா? முழங்காலை மடக்காமல் குனிந்து தூக்கியது என் தப்பு என்கிறார் சூப்பர்வைசர்.

பதில்: பெல்ட்டை நம்பி இருக்காதீர்கள். காயமில்லாத தொழிலாளிக்கு இடுப்பு பெல்ட்டைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் போட்டதும் வரும் தைரியத்தில் இன்னும் கனமாகத் தூக்குபவர்களும் உண்டு.

சூப்பர்வைசர் சொன்னது பாதிதான் சரி. பெட்டி சின்னதாக இருந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே வந்தால், மடக்கித் தூக்குவது நல்லது. அகலப் பெட்டி என்றால் முழங்கால் முன்னே வந்து தடுக்கும், பெட்டி உடம்பைவிட்டு இன்னும் தள்ளிப்போகும். முதுகுக்கு முக்கியமான எதிரி இந்தத் தூரம்தான்.

சுமைக்கு நியோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பெட்டி உடம்பை ஒட்டி, கைப்பிடியோடு, தொடையளவு உயரத்தில், எப்போதாவது தூக்குவதாக இருந்தால் 23 கிலோ வரை. கை, கணுக்காலிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னே நீண்டாலே அது பாதியாகிவிடும். அதோடு தரையிலிருந்தும் எடுத்தால் சுமார் 9 கிலோதான். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பினால் இன்னும் குறையும். நீங்கள் செய்தது இந்த மூன்றையும் சேர்த்துத்தான். நிமிடத்துக்கு நாலைந்து முறை என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் தூக்கும் விதத்தைவிட பெட்டி இருக்கும் இடத்தை மாற்றுவதுதான் பலன் தரும். 'சரியாகத் தூக்குங்கள்' என்று வகுப்பு எடுத்தால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கனமான பெட்டிகள் தொடைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட தட்டில் இருக்கட்டும். லேசானவை மேலேயும் கீழேயும் போகலாம். தரையில் இறக்கியே ஆக வேண்டுமென்றால் அடியில் இரண்டு மூன்று மரப்பலகைத் தட்டுகளை அடுக்கி உயர்த்தலாம். டிராலியை இழுக்காமல் தள்ளுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வையுங்கள். அதற்கு நிற்க இடம் வேண்டும், அதை ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் வேலை. இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம், காலை ஷிப்ட் என்றால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதைத் தவிருங்கள். இரவில் முதுகெலும்பு டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், குனியும்போது அழுத்தம் அதிகம். ஒருமுறை பிடித்த இடுப்பு மறுபடி பிடிக்க வாய்ப்பு கூடுதல். தினமும் நடங்கள், முதுகுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி செய்யுங்கள். மறுபடி வந்தாலும் நாள்கணக்கில் படுக்க வேண்டாம். முடிந்தவரை நடமாடினால்தான் சீக்கிரம் குணமாகும். ஆரம்பத்திலேயே ஸ்கேனும் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.