குறைந்த ஃபீஸ், ஏறும் செலவு: அலுவலகத்தை மூடிவிடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் தனியாளாக ஒரு சிறிய சொலிசிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீடு வாங்கி விற்கும் கன்வேயன்சிங் வேலைதான். ஒரு ஃபைலுக்கு 750 பவுண்டும் அதற்கு மேல் வாட் வரியும் வாங்குகிறேன். எஸ்டேட் ஏஜென்ட் அனுப்பும் ஃபைல் என்றால் 200 பவுண்ட் அவருக்குப் போகிறது. ஆன்லைனில் 499 பவுண்ட் என்று வரும் விளம்பரத்தைக் காட்டி நம்மவர்களே பேரம் பேசுகிறார்கள். தொழில் காப்புறுதியும் சம்பளச் செலவும் ஏறிக்கொண்டே போகின்றன. ஃபீஸைக் குறைத்து நிறைய ஃபைல் பிடிப்பதா, கணவர் சொல்வதுபோல மூடிவிட்டு வேலைக்குப் போவதா? இதற்கிடையில் தம்பி வீடு வாங்குகிறான். இலவசமாகச் செய்து தரச் சொல்கிறான்.
– வாசகி, ஹாரோ

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஃபீஸைக் குறைக்கவே வேண்டாம். குறைக்க வேண்டியது ஃபைல்களின் எண்ணிக்கையை.

கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஏஜென்டுக்குக் கொடுத்தது போக உங்களிடம் மிஞ்சுவது 550 பவுண்ட். ஒரு வீடு வாங்கும் ஃபைலுக்குப் பன்னிரண்டு மணிநேரம் போகிறது என்று வைத்தால், மணிக்கு 46 பவுண்ட்கூட இல்லை. அதிலிருந்துதான் வாடகை, இரண்டு பேரின் சம்பளம், சாஃப்ட்வேர், காப்புறுதி எல்லாம் போக வேண்டும். கடைசியில்தான் உங்கள் சம்பளம். இந்த விலையில் ஃபைல்களை இரட்டிப்பாக்கினால் இரட்டிப்பாவது களைப்பும் தவறும்தான். லீஸ் எனும் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால், சில வருடங்கள் கழித்து அது உங்கள் காப்புறுதியில் வந்து விடியும்.

காப்புறுதி ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று கேட்கிறவர்களுக்கு ட்ரீம்வார் வழக்கைச் சொல்லுங்கள். லண்டனில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டை, உரிமையாளர் என்று நடித்த ஒருவன் 11 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டு மறைந்தான். வாங்கியவரின் சொலிசிட்டர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும், உண்மையான விற்பனை நடக்காமலே பணத்தைக் கைமாற்றியதற்கு அவர் பொறுப்பாளி ஆனார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்பவன் தரப்பு சொலிசிட்டரையும் பொறுப்பாக்கியது. ஒரு தப்பும் செய்யாதவர்கூட முழு வீட்டின் விலைக்கும் பொறுப்பாகலாம் என்றால், காப்புறுதிக் கம்பெனி எப்படி மலிவாகத் தரும்? விண்ணப்பத்திலேயே உங்கள் வருமானத்தில் கன்வேயன்சிங் எத்தனை சதவீதம் என்று கேட்பதும் இதனால்தான். உயில், ப்ரோபேட் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற அனுமதி பெறுவது) போன்ற வேலைகளைச் சேர்த்து அந்தச் சதவீதத்தை மெல்லக் குறைக்கப் பாருங்கள்.

499 பவுண்ட் விளம்பரத்துக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது வாசல் விலைதான். உள்ளே போனால் லீஸ்ஹோல்டு எனும் குத்தகை வீட்டுக்கு ஒன்று, அன்பளிப்பாக வந்த டெபாசிட்டுக்கு ஒன்று, அடையாளச் சோதனைக்கு, வங்கிப் பணமாற்றத்துக்கு, ஸ்டாம்ப் டியூட்டி படிவத்துக்கு என்று தனித்தனியாக ஏறும். 2018 டிசம்பரிலிருந்து சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பின் விதிப்படி உங்கள் இணையதளத்திலும் கன்வேயன்சிங் விலை இருக்க வேண்டும். அதை மறைக்கிற இடமாக வைக்காமல் உங்கள் பலமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்த ஒரே தொகையைப் போட்டு, அதில் என்னென்ன அடங்கும், என்ன அடங்காது என்று தெளிவாக எழுதுங்கள். பேரம் பேச வருகிறவரிடம் அந்த 499இன் முழு எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.

நம்மவர்களின் ஃபைலில் நேரத்தைத் தின்பது எதுவென்று உங்களுக்கே தெரியும்: டெபாசிட் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. கொஞ்சம் சீட்டுக் காசு, கொஞ்சம் மாமா தந்தது, கொஞ்சம் நகை விற்றது, கொஞ்சம் கொழும்பில் காணி விற்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஸ்டேட்மென்ட், கொடுத்தவரின் கடிதம், அவருடைய அடையாளம், அவருக்கு அந்தக் காசு எப்படி வந்தது என்ற விளக்கம். “எங்களையே சந்தேகப்படுகிறீர்களா அக்கா?” என்று முகம் சுளிப்பார்கள். 2017 பணச்சலவைத் தடுப்பு விதிகள் அக்கா, தங்கை பார்ப்பதில்லை. ஒரு கணக்கிலிருந்து வரும் சேமிப்புக்கு ஒரு விலை, நான்கு இடத்திலிருந்து வரும் காசுக்கு இன்னொரு விலை என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். தடயமே இல்லாத ரொக்கம் என்றால் ஃபைலைத் திறக்காதீர்கள். சொந்தபந்தம் என்று குறைப்பது உங்கள் விருப்பம். ஆனால் முழுத்தொகையை எழுதி, கழிவை அதன் கீழே காட்டுங்கள். அப்போதுதான் அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் நினைவிருக்கும்.

உயரமான ஃபிளாட்டுகள் அடுத்த தலைவலி. 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து தளமோ உள்ள கட்டடங்களில், பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதற்கான சான்றிதழ் தேடி அலைவதே தனி வேலை. பல அலுவலகங்கள் அவற்றைத் தொடுவதே இல்லை. நீங்களும் மறுக்கலாம், அதில் வெட்கம் இல்லை. எடுத்தால் தனி விலையில் எடுங்கள்.

ஃபைல் அனுப்பும் ஏஜென்டுக்குக் கொடுக்கும் ரெஃபரல் ஃபீயை நான் உங்கள் இடத்தில் இருந்தால் படிப்படியாக விடுவேன். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் 2013இல் அதைத் தடை செய்த அரசு, வீட்டு விஷயத்தில் விட்டுவைத்திருக்கிறது. ஆகவே சட்டப்படி தவறில்லை. அந்த ஏற்பாட்டை எழுத்தில் வைத்து, கிளையன்டிடமும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் ஃபீஸில் கால் பங்குக்கும் மேலே ஏஜென்டுக்குப் போவது, வீடு வாங்குகிற குடும்பத்துக்கு எந்த நன்மையும் தரவில்லை. அதுதான் எனக்குக் கோபம். வேலை முடித்துக் கொடுத்த குடும்பங்களே அடுத்தவரை அனுப்புகிற தொழில் இது. ஹாரோ போன்ற இடத்தில் அது இன்னும் உண்மை.

அப்புறம், பாதியில் உடைகிற ஃபைல். இங்கிலாந்தில் எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தம் கைமாறும் கட்டம், வரை யாரும் விலகலாம். ‘முடிந்தால்தான் காசு’ என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த மாதக்கணக்கு உழைப்பு உங்கள் தலையில். செய்த வேலைக்குக் கட்டம் கட்டமாகக் கட்டணம் என்று ஆரம்பக் கடிதத்திலேயே எழுதுங்கள். சம்பளச் செலவில், முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸில் கிடைக்கும் கழிவான எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் கேட்டிருக்கிறீர்களா என்று அக்கவுன்டன்டிடம் உறுதிசெய்யுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது 10,500 பவுண்ட். இரண்டு பேர் சம்பளத்துக்கான முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் பங்கு பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

மூடுவது பற்றி. கணவர் உங்கள் களைப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் பூட்டைப் போட்டுவிட்டு நடக்க முடியாது. மூடுகிற அலுவலகம் ஆறு வருடத்துக்கு ரன்-ஆஃப் காப்புறுதி (பழைய வேலைகள் பற்றிப் பின்னால் வரும் கோரிக்கைகளுக்கானது) வைத்திருக்க வேண்டும். அதற்கு வழக்கமாக ஒரு வருடப் பிரீமியத்தின் இரண்டு, மூன்று மடங்கு கேட்பார்கள். உங்கள் பழைய பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டு வாரிசு அலுவலகமாக வரச் சம்மதிக்கும் வேறொரு அலுவலகம் கிடைத்தால் அந்தச் செலவு தவிரலாம். அப்படியொரு பேச்சுக்கு மாதக்கணக்கில் ஆகும். உங்கள் காப்புறுதிப் புதுப்பிப்பு அக்டோபர் 1 என்றால் வசந்தகாலத்திலேயே தொடங்குங்கள். ஃபீஸை உயர்த்திப் பார்த்து, ஒரு வருடம் கழித்து முடிவெடுங்கள். சில ஃபைல்கள் போகும், போகட்டும்.

தம்பி விஷயம் சுலபம். அவர் மோர்ட்கேஜ் எடுத்து வாங்குகிறாரென்றால், வழக்கமாக வாங்குபவரின் சொலிசிட்டரே வங்கிக்காகவும் வேலை செய்வார்; ஆனால் வங்கிகளின் பொதுக் கையேட்டின்படி தனியாளாகத் தொழில் செய்யும் சொலிசிட்டர் சொந்த உடன்பிறப்பின் கடனில் வங்கிக்காக வேலை செய்யக் கூடாது. வேறொரு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வீட்டைப் பற்றி அந்த அலுவலகம் தரும் ரிப்போர்ட் வந்ததும் ஒரு ஞாயிறு மாலை தம்பியோடு உட்கார்ந்து வாசித்து விளக்குங்கள். அதற்குக் காசு வாங்க வேண்டாம்.